லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம்?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் சித்தி மகள் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து சேலம் அஸ்தம்பட்டியில் இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் லேப்டாப் பை. உட்காரக்கூட இல்லை. "ஏழு பர்சென்ட்லயே நிக்குதுண்ணா. மூணு வாரமா இப்படித்தான். ஒயரைப் பிடுங்கினா கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுது" என்றாள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மலையில் மழையும் காற்றும் வந்தால் கரண்ட் போவது சாதாரணம். பேட்டரி இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாளை ஓட்டுவது சிரமம்.

அந்த மூன்று வாரத்தில் அவள் தயாரிப்பு நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறாள். முதல் முறை சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள். அதை நம்பி அவள் அப்படியே செய்ததில் சில கோப்புகள் போய்விட்டன. மூன்றாம் முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "பேட்டரி போயிடுச்சு, ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சிடுச்சு, புதுசு போடணும்" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் முறை, அந்தப் பேட்டரி எப்போது வரும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

பேட்டரி போகவே இல்லை என்பது அன்று மாலைதான் தெரிந்தது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. "சார்ஜ் ஏறவில்லை" என்ற இரண்டு சொற்களுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கோளாறே இல்லை. எது என்று நமக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாததால்தான் போனுக்கு மறுமுனையில் இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அதற்காகவே இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு எஞ்சின் முக்க வேண்டும், டீசல் செலவாகும். இறங்கும்போது வண்டி தானாகவே உருளும்.

லேப்டாப் பேட்டரியும் இப்படி ஒரு மலைப்பாதைதான். உள்ளே இருக்கும் பயணிகளுக்கு லித்தியம் அயனிகள் என்று பெயர். அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு. அடிவாரம் என்பது உலோக ஆக்சைடால் ஆன ஒரு முனை. மலையுச்சி என்பது கிராஃபைட் என்ற கரிப்பொருளால் ஆன மறுமுனை. கிராஃபைட் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்கு இடையில்தான் அயனிகள் போய்த் தங்கும், விடுதி அறைகளில் ஆட்கள் தங்குவது போல.

சார்ஜ் செய்வது என்றால், வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலவழித்து அயனிகளை அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றுவது. பேட்டரியில் வேலை பார்ப்பது என்றால், அவற்றைக் கீழே இறங்க விடுவது. உள்ளே அயனிகள் இறங்க இறங்க, வெளியே ஒயர் வழியாக எலக்ட்ரான்கள் ஓடி லேப்டாப்பை இயக்குகின்றன. இந்த வகைப் பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி ஒரு மலைப்பாதை அடங்கிய ஒற்றை உறைக்கு செல் என்று பெயர். ஒரு செல் சராசரியாக 3.7 வோல்ட் தரும். முழுக்க ஏறினால் 4.2 வோல்ட் அளவுக்கு வரும், புதிய வகைகளில் சற்றுக் கூடுதலாக இருக்கும். லேப்டாப்புக்கு அது போதாது என்பதால் மூன்று அல்லது நான்கு செல்களை வரிசையாகக் கோத்துப் பேட்டரி ஆக்குகிறார்கள். வரிசையில் ஒரு செல் மட்டும் தளர்ந்தாலும் மொத்தப் பேட்டரியும் அதற்காக நிற்க வேண்டும். வண்டி மாட்டில் ஒன்று படுத்துக்கொண்ட கதைதான்.

இதுவரை: பேட்டரி மின்சாரத்தை ஊற்றி வைக்கும் பாத்திரம் அல்ல. அயனிகள் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்தான் சார்ஜும் செலவும்.

கடைசி இருபது சதவீதம் ஏன் ஊர்கிறது?

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் அறை தேடியவர்களுக்கு இது உடனே விளங்கும். காலையில் போனவர்களுக்குக் கேட்ட இடத்தில் அறை கிடைக்கும். மாலையில் போனால் ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தில் அடிவாரத்திலிருந்து இன்னும் பத்து பஸ்ஸை அவசரமாக அனுப்பினால் என்ன ஆகும்? அறை கிடைக்காதவர்கள் ரோட்டிலேயே நிற்பார்கள்.

கிராஃபைட்டிலும் இதேதான். அறைகள் நிறைந்த பிறகும் அதே வேகத்தில் அயனிகளைத் தள்ளினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படியும். இதற்கு லித்தியம் படிவு என்று பெயர். படிந்ததில் ஒரு பகுதி மறுபடி பயணத்துக்கு வராது. அது வளர்ந்து செல்லுக்குள் குறுக்கே ஓடினால் ஆபத்தும் உண்டு.

அதனால் சார்ஜ் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மின்னோட்டத்தை ஒரே சீராக, வேகமாக விடுவார்கள். செல் அதன் உச்ச வோல்ட்டைத் தொட்டதும், வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். குழாயடியில் குடம் பிடிக்கிறவர்கள் கழுத்துவரை தண்ணீர் வந்ததும் குழாயைத் திருகிச் சன்னமாக்குவார்கள் அல்லவா, அதே பழக்கம். 20-லிருந்து 80 வர ஆகும் நேரத்தையும் 80-லிருந்து 100 வர ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து "சார்ஜர் வீக் ஆயிடுச்சு" என்று முடிவுக்கு வரவேண்டாம்.

80-இல் நின்றுவிடுவது

இதுதான் நான் முன்பு சொன்ன, கோளாறே இல்லாத கோளாறு. லேப்டாப்பை வாங்கி ஒரு வருஷம் கழித்து ஒருநாள் 80-க்கு மேல் ஏறாது. சிலவற்றில் 60-க்கு மேல். பதறிப்போய்க் கடைக்குக் கொண்டு ஓடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விஷயம் பிடிக்காது. ஒன்று சூடு. மற்றொன்று, முழுக்க ஏறிய நிலையிலேயே நாள்கணக்கில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் கெடுதல். எப்போதும் ஒயரில் இருக்கும் லேப்டாப் எப்போதும் 100-இல் இருக்கும், சூடாகவும் இருக்கும். ஆகவே தயாரிப்பாளர்களே 80 அல்லது 60-இல் நிறுத்தும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். லெனோவோவில் அது கன்சர்வேஷன் மோட் என்ற பெயரில் இருக்கும், ஏசுஸில் பேட்டரி கேர் என்ற பெயரில். சாஃப்ட்வேர் புதுப்பிக்கும்போது அது தானாகவே இயங்கிவிடுவதும் உண்டு. நிறுவனத்தின் செயலியில் போய் அந்தப் பொத்தானைத் தேடிப் பார்த்தாலே போதும்.

சேலத்தில் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொடும். மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஃபேன் காற்றில் வேலை பார்க்கிறவர்கள் 80-இல் நிறுத்தி வைப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தால், முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

"முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று இன்னும் சொல்கிறார்களே, அது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகைப் பேட்டரிக்கு உரிய பாடம். லித்தியத்துக்கு அது தேவையில்லை. அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவது அதைக் களைப்படையவே செய்யும்.

மேட்டூர் அணையும் நூறு சதவீதமும்

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இன்றும் 120 அடியை எட்டினால் அணை நிரம்பியது என்றுதான் செய்தி வரும். ஆனால் இத்தனை வருஷமாகக் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் அடியில் கிடக்கிறது. மட்டம் அதே 120 அடி, தேங்கும் தண்ணீர் பழைய அளவு இல்லை. அணைக்கு மேலே நின்று பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

உங்கள் லேப்டாப் 100 என்று காட்டுவதும் நீர்மட்டம்தான். கொள்ளளவு அல்ல.

ஒவ்வொரு முறை மலை ஏறி இறங்கும்போதும் சில அயனிகள் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அதுதான் வண்டல். ஆகவே பேட்டரிக்கு இரண்டு கொள்ளளவு உண்டு. புதிதாக இருந்தபோது வடிவமைத்த கொள்ளளவு ஒன்று, இன்றைக்கு முழுக்க ஏற்றினால் பிடிக்கும் கொள்ளளவு இன்னொன்று. இவற்றை வாட்-மணி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் செலவாகும் ஆற்றல்தான் ஒரு வாட்-மணி. 50 வாட்-மணி பேட்டரி, 10 வாட் செலவழிக்கும் லேப்டாப்பை ஐந்து மணி நேரம் ஓட்டும்.

வடிவமைத்தது 50, இன்று பிடிப்பது 31 என்றால் பேட்டரியின் ஆரோக்கியம் 62 சதவீதம். அதிலும் திரை 100 என்றுதான் காட்டும். ஐந்து மணி நேரம் ஓடியது மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும்போது நாம் சார்ஜரைத் திட்டுவோம்.

இந்த இரண்டு எண்ணையும் நீங்களே பார்க்கலாம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ஆங்கில எழுத்தில் "பவர்சிஎஃப்ஜி" என்று சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, "பேட்டரிரிப்போர்ட்" என்று சேர்த்து எழுதி எண்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அது எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்பதும் திரையிலேயே வரும். அதில் எண்கள் மில்லிவாட்-மணியில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மேக்புக்கில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் ஆரோக்கியம் சதவீதமாகவே இருக்கும்.

அறிக்கையில் சார்ஜ் சுழற்சி என்ற எண்ணும் பெரும்பாலும் இருக்கும். மொத்தமாக 100 சதவீத அளவு செலவானால் ஒரு சுழற்சி. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சுழற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கும். ஆயிரம் சுழற்சி தாங்குமாறு செய்தவையும் உண்டு.

சித்தி மகளின் லேப்டாப்பில் இந்த அறிக்கையைத்தான் முதலில் எடுத்தோம். வடிவமைத்தது 50, இன்று பிடிப்பது 46, சுழற்சி 140. இதைப் பார்த்த உடனேயே, பேட்டரி போய்விட்டது என்ற தீர்ப்பு எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

இதுவரை: 100 என்பது இன்றைய கொள்ளளவில் நூறு. பழைய கொள்ளளவோடு ஒப்பிட்டால்தான் பேட்டரியின் உண்மை நிலை தெரியும்.

சதவீதம் என்பது ஒரு கணக்கு

பேட்டரிக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. மூடிய சம்ப்பில் எத்தனை குடம் ஊற்றினோம், எத்தனை குடம் இறைத்தோம் என்று எண்ணி மீதியைச் சொல்வது போல, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் ஒரு சிறு சில்லு எண்ணிக்கொண்டே இருக்கும். வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கையில் பிசகு சேரச் சேரக் கணக்கு தப்பும். நான் கணக்கு எழுதுகிறவன், நாள்பட்ட சில்லறைப் பிழை வருஷக் கடைசியில் எப்படிப் பெரிதாக வந்து நிற்கும் என்று தெரியும்.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் பட்டென்று அணைவது பல நேரம் இதனால்தான். ஒருமுறை முழுக்க ஏற்றி, 5 சதவீதம் வரை இறக்கி, மறுபடி தடையில்லாமல் முழுக்க ஏற்றினால் கணக்கு நேராகும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை போதும். அப்படிச் செய்தும் அணைகிறது என்றால் செல் ஒன்று தளர்ந்திருக்கிறது.

காவல்காரன் கதவைச் சாத்தினால்

பேட்டரிக்குள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. பேட்டரி மேலாண்மைச் சுற்று என்று பெயர். செல்களின் வோல்ட், சூடு, மின்னோட்டம் மூன்றையும் பார்த்துக்கொண்டு, எல்லை மீறினால் கதவைச் சாத்திவிடும். பொதுவாக 0 டிகிரிக்குக் கீழும் 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் ஏற்றவிடாது. இங்கே வெயிலின் சூடு, செல்லின் சூடு இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியே 39 டிகிரி இருக்கும் நாளில், மெத்தையின் மேல் வைத்து வீடியோ எடிட்டிங் செய்தால் உள்ளே 45 தாண்டுவது எளிது. அப்போது சார்ஜ் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஏறும். ஏற்காட்டுக் குளிர் இந்தக் கணக்கில் வராது. மார்கழியில்கூட அங்கே 0 டிகிரிக்கு வெகு மேலேதான் இருக்கும்.

மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த லேப்டாப்பிலும் காவல்காரன் கதவைச் சாத்தியிருப்பான். அரசு கொடுத்த மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் இப்படிக் கிடக்கின்றன. செல் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கியிருந்தால், முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். சில மணி நேரம் ஒயரில் விட்டுப் பாருங்கள். எழுந்தால் எழும். எழவில்லை என்றால் செல்லைக் கழற்றி நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காவல்காரனை ஒதுக்கிவிட்டுச் செய்யும் வேலை அது. கொஞ்ச நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து எடுத்து வையுங்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். குப்பை வண்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள்.

அடாப்டர் பேசும் மொழி

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதைக் குறைந்த வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுவது அடாப்டர். அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். ஆகவே மாலையில் வோல்டேஜ் கொஞ்சம் குறைவது அதைப் பாதிக்காது. இடி மின்னல் பாதிக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கோடை மாலைகளில் இடி இறங்கும்போது ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி வைப்பதுதான் பாதுகாப்பு.

வெளியீடு 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருக்கிறதா? பெருக்கினால் 65 வாட். லேப்டாப் வேலைக்கே 50 வாட் இழுத்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது 15 தான். அதே இடத்தில் 45 வாட் அடாப்டரைச் செருகினால், ஒயர் மாட்டியிருக்கும்போதே சார்ஜ் இறங்கும். குழாயில் வருவதைவிட வீட்டில் இறைப்பது அதிகமானால் தொட்டி எப்படி நிறையும்?

யுஎஸ்பி-சி வகையில் ஒரு பேச்சுவார்த்தையே நடக்கிறது. செருகியதும் முதலில் 5 வோல்ட்தான் வரும். லேப்டாப், "எனக்கு 20 வோல்ட் வேண்டும்" என்று கேட்க, சார்ஜர் "என்னிடம் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்ட பிறகே உயரும். இந்த ஏற்பாட்டுக்கு யுஎஸ்பி பவர் டெலிவரி என்று பெயர். போன் சார்ஜர் சிலவற்றால் இந்த மொழி பேச முடியாது. கேபிளும் சாதாரணம் இல்லை. அடையாளச் சில்லு இல்லாத கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 60 வாட்டுக்கு மேல் போகாது. சார்ஜர் 100 வாட்டாக இருந்தும் மெதுவாக ஏறுகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

உருண்டைப் பின் அடாப்டர்கள் சிலவற்றிலும் ஒரு பேச்சு உண்டு. பிளக்கின் நடுவில் கொலுசுத் திருகைவிட மெல்லியதாக ஓர் ஊசி நிற்கும். மின்சாரம் அதன் வழியே வருவதில்லை. "நான் 65 வாட், உன் கம்பெனி அடாப்டர்" என்ற அடையாளம் மட்டுமே வரும். அந்த அடையாளம் வரவில்லை என்றால், அப்படி வடிவமைத்த லேப்டாப் என்ன செய்யும் தெரியுமா? வேலை செய்யும், பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யாது. தெரியாத ஆளிடம் மூட்டையைத் தூக்கக் கொடுக்காத மாதிரி.

சித்தி மகளின் ஏழு சதவீதத்துக்கு விடை இங்கேதான் இருந்தது. நாலு ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளக்கின் உள்சுவரிலும் கறுப்பு முனையை வெளிப்புறத்திலும் வைத்தார். 19.6 என்று காட்டியது. "வோல்ட் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை இயக்கி, விண்டோஸ் ஏறும் முன்பே வரும் பயோஸ் திரையைத் திறந்தார். அடாப்டர் வகை என்ற வரிக்கு நேரே, அறியப்படவில்லை என்று இருந்தது. பிளக்குக்குக் கீழே ஒயர் வளையும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தார். ஒரு கணம் 65 வாட் என்று வந்து மறுபடி மறைந்தது. உள்ளே அந்த மெல்லிய அடையாளக் கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. தன் அலமாரியிலிருந்து அதே அளவு அடாப்டரை எடுத்து மாட்டினார். சார்ஜ் விளக்கு எரிந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் 12 சதவீதம். மொத்தம் பத்து நிமிட வேலை. மூன்று வாரமாக யாருமே அடாப்டரை மாற்றிப் பார்க்கவில்லை.

புது அடாப்டர் வாங்குகிறவர்கள் அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும்.

உங்கள் கோளாறு எது?

சரி, இப்போது வரிசையாகப் பார்க்கலாம். 80 அல்லது 60-இல் நேர்த்தியாக நின்றால் அது வரம்பு, கோளாறு இல்லை. 100 ஏறியும் சீக்கிரம் தீர்ந்தால் வண்டல், அதாவது கொள்ளளவு குறைவு. ஏதோ ஒரு சதவீதத்தில் சட்டென்று அணைந்தால் கணக்குப் பிழை அல்லது தளர்ந்த செல். சூடாக இருக்கும்போது மட்டும் நின்றால் காவல்காரன். ஒயர் மாட்டினால் ஓடுகிறது, சதவீதம் மட்டும் நகரவே இல்லை என்றால் முதல் சந்தேகம் அடாப்டர், கேபிள், செருகும் துளை. பேட்டரி அதற்கு அப்புறம்தான்.

எதற்கும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். உள்சுற்றுகளில் தேங்கிய மின்னூட்டம் வடிந்து, குழம்பியிருந்த சில்லு புதிதாகத் தொடங்கும். சில நேரம் இதுவே போதும்.

கஸ்டமர் கேரிடம் எப்படிச் சொல்வது?

போனை எடுக்கிறவர் முன்னால் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. நாம் "சார்ஜ் ஏறலை" என்று சொன்னால் அவர் முதல் வரியிலிருந்து தொடங்குவார். சாஃப்ட்வேர் புதுப்பிப்பும் விண்டோஸ் அழிப்பும் முதலில் வருவதற்குக் காரணம், அவற்றுக்கு நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. செலவு முழுக்க நம் தலையில். நேரம், கோப்பு, மன உளைச்சல் எல்லாம். அந்த ஊழியரைக் கோபித்துப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. ஆனால் அப்படி ஒரு பட்டியலை எழுதியவர்கள், பேக்கப் எடுத்தீர்களா என்ற கேள்வியைக்கூட முதலில் சேர்க்காதது பெரிய அநியாயம்.

இங்கே சொற்கள் முக்கியம். பெரும்பாலான வாரண்டி விதிகளில், நாள்பட்ட கொள்ளளவுக் குறைவு இயல்பான தேய்மானம் என்று தள்ளப்படும். சார்ஜே ஏறாமல் போவது தயாரிப்புக் குறைபாடாக இருக்கலாம், அதற்குப் பொறுப்பு வேறு. லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பல நேரம் ஒரு வருஷம்தான். அடாப்டருக்கு என்ன காலம் என்று தனியாகக் கேளுங்கள். ஆகவே "பேட்டரி போச்சு" என்று நாமாகவே சொல்லிவிடக் கூடாது.

பேச்சை எழுத்தாக்குங்கள். போனில் பேசினால் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பேசியதை அன்றே மெயிலில் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட், அதாவது வேலை விவரம் எழுதித் தரும் சீட்டு, இல்லாமல் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். எதைச் சோதித்தார்கள் என்று அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை.

சித்தி மகள் ஆணையம்வரை போக வேண்டியிருக்கவில்லை. அன்று இரவே எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெயில் எழுதினாள். முதல் வரியில் புகார் எண். அடுத்து பேட்டரி அறிக்கையின் மூன்று எண்கள்: 50, 46, 140. அப்புறம் பயோஸ் திரையின் போட்டோ, வேறு அடாப்டரில் சார்ஜ் ஏறிய வீடியோ. "என் பேட்டரி நன்றாக இருக்கிறது. சோதிக்காமலே மாற்ற வேண்டும் என்று சொல்லி வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று முடித்தாள். திட்டி ஒரு சொல் இல்லை. நான்காம் முறை கேட்டபோது பதிலே சொல்லாதவர்கள் திங்கட்கிழமை அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் பணம் அவள் கணக்குக்கு வந்தது. அறுந்த அடாப்டரையும் அந்த ஜாப் ஷீட்டையும் ஒரே கவரில் போட்டு இன்னும் வைத்திருக்கிறாள்.